இன்னொரு வருடம் யாருக்கு வாய்க்கிறது?

தமிழ்நாட்டில் நீட் தேர்வின் விளைவுகளை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021 ஜூலையில் அரசிடம் அறிக்கை அளித்தது. கிராமம், தமிழ்வழி, குடும்ப வருமானம் பற்றி அதிலிருந்த அட்டவணைகள் மேடைகளில் நிறையப் பேசப்பட்டன. அவற்றுக்கு நடுவே, அதிகம் பேசப்படாத ஒரு கணக்கும் இருக்கிறது. நீட்டுக்கு முந்தைய 2016-17இல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் அதே ஆண்டு பிளஸ் டூ முடித்தவர்கள் 87.53 விழுக்காடு, முந்தைய ஆண்டுகளில் முடித்துவிட்டு மறுபடி முயன்று வந்தவர்கள் 12.47 விழுக்காடு. நான்கே ஆண்டுகளில் கணக்கு தலைகீழானது. 2020-21இல் ரிப்பீட்டர்கள் 71.42 விழுக்காடு, புதிதாகப் பள்ளி முடித்து வந்தவர்கள் 28.58.

விடாமுயற்சியின் வெற்றி என்று இதை வாசிக்க இடமிருக்கிறது. முதல் தடவை கிடைக்கவில்லை, துவண்டுபோகாமல் மறுபடி உட்கார்ந்து படித்தார்கள், வென்றார்கள். கோச்சிங் மையங்களின் விளம்பரப் பலகைகள் இதைத்தான் சொல்கின்றன. அதில் பொய் இல்லை. அந்தப் பிள்ளைகள் உண்மையாகவே உழைத்தார்கள். ஆனால் அதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. மருத்துவராக வேண்டுமென்றால், பள்ளி முடித்த பின் ஒரு வருடமாவது சம்பாதிக்காமல், வேறு படிப்பிலும் சேராமல், செலவு மட்டும் செய்துகொண்டு ஒரு பிள்ளை இருக்க முடிய வேண்டும். அப்படி இருக்க முடிந்தவர்களுக்குள்தான் விடாமுயற்சியின் போட்டி பெரும்பாலும் நடக்கிறது. மற்றவர்கள் தோற்றுப்போவதற்கு முன்பே வெளியேறிவிடுகிறார்கள்.

நம் கல்விப் பேச்சில் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. ஏழைப் பிள்ளை வென்றால் அவன் உழைப்பைப் பாராட்டுகிறோம். தோற்றால் இன்னும் கொஞ்சம் முயன்றிருக்கலாம் என்கிறோம். இரண்டு இடத்திலும் கண் பிள்ளையின் மேலேயே இருக்கிறது. அவன் முயல்வதற்கு யார் எவ்வளவு காலம் சோறு போட்டார்கள் என்ற கேள்வி எழுவதே இல்லை.

அந்த ஒரு வருடத்தின் செலவைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். ராஜன் குழுவின் கணக்கில், எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் 2016-17இல் 47.42 விழுக்காடு, 2020-21இல் 41.05. இரண்டரை லட்சம் என்றால் மாதத்துக்கு இருபதாயிரம் சொச்சம். அதில் வாடகை, மளிகை, கடன் தவணை, தம்பி தங்கையின் படிப்பு எல்லாம் அடங்க வேண்டும். தங்கிப் படிக்கும் கோச்சிங் மையத்தின் ஆண்டுக் கட்டணம் அந்த வருமானத்தில் ஒரு பெரும்பகுதியை விழுங்கும். இது கண்ணுக்குத் தெரியும் செலவு. தெரியாத செலவுகள் வேறு. பதினெட்டு வயதுப் பையன் திருப்பூருக்கோ ஒரகடத்துக்கோ வேலைக்குப் போனால் வீட்டுக்கு வரக்கூடிய சம்பளம் அந்த வருடம் வராது. பெண்பிள்ளை என்றால், “சும்மா வீட்டுல இருக்கா” என்று உறவில் பேச்சு எழும். வரன் வரத் தொடங்கும். கல்லூரியில் சேர்ந்துவிட்டால் அந்தப் பேச்சு மூன்று வருடம் தள்ளிப்போகும். அதனால்தான் எத்தனையோ கெட்டிக்காரப் பெண்கள் கிடைத்த பி.எஸ்சி.யில் சேர்ந்துவிடுகிறார்கள். அதை மன உறுதிக் குறைவு என்று எவராவது சொன்னால் அந்த வீட்டின் நிலவரம் அவருக்குத் தெரியவில்லை என்றுதான் பொருள்.

கோச்சிங் இல்லாமல் நுழைய முடியாதா என்று கேட்கலாம். 2019 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கில் இந்தக் கணக்கு வெளிவந்தது. அந்த ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்த 3,081 பேரில் தனிப்பயிற்சி எதற்கும் போகாமல் தேறியவர்கள் 48 பேர். நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை.

தமிழ்நாட்டுக் கதையில் இதைவிடத் தெளிவான சான்று ஒன்று இருக்கிறது. சமூக அறிவியலில் சோதனைக்கூடம் கிடையாது. ஒரே மாதிரியான பிள்ளைகளை இரண்டு விதமான விதிகளுக்கு உட்படுத்திப் பார்ப்பது எளிதில் நடக்காது. இங்கே அது தானாக நடந்தது. 2019-20இல் மாநிலத்தில் பிளஸ் டூ படித்தவர்களில் ஏறக்குறைய 41 விழுக்காட்டினர் அரசுப் பள்ளி மாணவர்கள். எண்ணிக்கையில் மூன்று லட்சத்துக்கும் மேல். அவர்களில் எம்.பி.பி.எஸ். இடம் பெற்றவர்கள் ஆறு பேர். நீதிபதி பி. கலையரசன் குழு இந்த நிலையை ஆராய்ந்து பத்து விழுக்காடு உள் ஒதுக்கீட்டைப் பரிந்துரைத்தது. அரசு ஏழரை விழுக்காடு என்று சட்டம் இயற்றியது. ஆளுநரின் ஒப்புதல் தாமதமானதால் 2020 அக்டோபர் 29 அன்று அரசாணை வெளியிடப்பட்டது. மறுநாள் ஒப்புதலும் வந்தது. அந்த ஆண்டுக் கலந்தாய்வில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு முந்நூறுக்கும் மேற்பட்ட எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒதுக்கப்பட்டன.

ஆறு, அடுத்த வருடம் முந்நூறு. இந்த இடைவெளியில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் விடாமுயற்சி ஐம்பது மடங்கு பெருகிவிடவில்லை. அது கொரோனா வருடம். பள்ளிகள் மூடிக் கிடந்தன. கைபேசி இல்லாத வீடுகளில் பாடமே நின்றுபோயிருந்தது. உழைப்பதற்கான சூழல் மோசமாகியிருந்த வருடத்தில் வெற்றி பெற்றவர்களின் எண்ணிக்கை உயர்ந்தது. மாறியது விதி ஒன்றுதான். உள் ஒதுக்கீட்டில் வந்தவர்களும் நீட் எழுதித் தகுதி பெற்றவர்களே; தமக்குள் போட்டியிட்டு மதிப்பெண் வரிசையில் வந்தவர்களே. அவர்களின் உழைப்பு முன்பும் இருந்தது. அந்த உழைப்பால் எதை அடைய முடியும் என்பதை வேறு யாரோ தீர்மானித்துக்கொண்டிருந்தார்கள்.

அதே 2020இல் தேனி மாவட்டத்து அரசுப் பள்ளி மாணவர் ஒருவர் நீட் தேர்வில் 720க்கு 664 எடுத்தார். ஆடு மேய்ப்பவரின் மகன். நாடெங்கும் அவரைப் பற்றி எழுதினார்கள், சரியாகவே எழுதினார்கள். ஆனால் தலைப்புகளில் வறுமையும் மன உறுதியும் பெரிய எழுத்தில் வந்தன. அது அவருடைய இரண்டாவது முயற்சி என்பதும், ஆசிரியர்களும் நல்ல மனம் கொண்ட சிலரும் செலவை ஏற்றுத் தனியார் பயிற்சிக்கு அனுப்பியதும் செய்தியின் உள்ளே அடங்கிப்போயின. என் பார்வையில் அந்தச் செய்தியின் மையம் அதுதான். முதல் முயற்சியிலும் அவர் இதே பிள்ளைதான், இதே மன உறுதிதான். இரண்டுக்கும் நடுவே வந்து சேர்ந்தது ஒரு வருடமும் அதற்கான பணமும். அப்படி ஒருவர் கைகொடுக்காமல் போன எத்தனை பேர் அந்த ஊர்களில் இருக்கிறார்கள் என்பதை எந்தச் செய்தித்தாளும் எழுத முடியாது. அவர்கள் தேர்வு முடிவுப் பட்டியலில் வருவதில்லை.

விடாமுயற்சியைப் பற்றி உலக அளவில் அதிகம் பேசப்பட்ட ஆய்வாளர் அமெரிக்க உளவியலாளர் ஏஞ்சலா டக்வொர்த். நெடுங்கால இலக்கில் ஆர்வம் குன்றாமல் உழைக்கும் குணத்தை அளக்க அவர் 2007இல் ஓர் அளவுகோலை முன்வைத்தார். 2016இல் வந்த அவரது புத்தகம் பெரும் விற்பனை கண்டது. பள்ளிகள் அந்தக் குணத்தைப் பாடமாகவே வைக்கத் தொடங்கின. 2017இல் மார்கஸ் கிரெடே உள்ளிட்ட மூவர், அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கிய முந்தைய ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசினார்கள். கல்வி வெற்றியோடு அந்தக் குணத்துக்கு இருக்கும் தொடர்பு மிதமானது என்றும், உளவியலில் ஏற்கெனவே அறியப்பட்ட ‘பொறுப்புணர்வு’ என்ற பண்பிலிருந்து அது பெரிதாக வேறுபடவில்லை என்றும் கண்டார்கள். டக்வொர்த் மீது பழிபோட இதைச் சொல்லவில்லை. மாணவர்களின் மன உறுதியை அளந்து அதை வைத்துப் பள்ளிகளைத் தரம் பிரிக்கக் கிளம்பியபோது வெளிப்படையாக எதிர்த்து எழுதியவர்களில் அவரும் ஒருவர். ஒரு கருத்தைக் கண்டவரைவிட அதைக் கையிலெடுத்தவர்களே அதிகம் உரிமை கொண்டாடினார்கள்.

இதற்கு முந்தைய புகழ்பெற்ற சோதனை வால்டர் மிஷலுடையது. 1960களின் பிற்பகுதியில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் குழந்தைகள் முன்னால் ஒரு மிட்டாயை வைத்தார்கள். உடனே தின்னாமல் காத்திருந்தால் இரண்டு கிடைக்கும் என்றார்கள். காத்திருந்த குழந்தைகள் பின்னாளில் நன்றாகப் படித்தார்கள் என்று தொடர் ஆய்வுகள் சொல்லின. பொறுத்தார் பூமி ஆள்வார் என்று நம் வீடுகளில் சொல்லிவந்ததற்கு அறிவியல் முத்திரை கிடைத்துவிட்டதுபோல் தோன்றியது. 2018இல் டைலர் வாட்ஸும் மற்ற இருவரும் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட, பலதரப்பட்ட குடும்பங்களின் குழந்தைகளைப் பற்றிய தரவில் இதைச் சோதித்தார்கள். தொடர்பு முன்பு கண்டதில் பாதியளவே இருந்தது. குடும்பப் பின்னணியையும் வீட்டுச் சூழலையும் குழந்தையின் ஆரம்பகால அறிவுத் திறனையும் கணக்கில் எடுத்ததும், அந்தப் பாதியிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துபோனது.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது 2013இல் செலஸ்ட் கிட் குழுவினர் நியூயார்க் மாநிலத்து ராச்சஸ்டரில் செய்த சிறிய சோதனை. மொத்தம் 28 குழந்தைகள். மிட்டாயை வைப்பதற்கு முன்பு, ‘இன்னும் நல்ல வண்ணக்குச்சிகள் கொண்டுவருகிறேன்’ என்று ஒருவர் எல்லாக் குழந்தைகளிடமும் சொல்லிவிட்டுப் போவார். பாதிப் பேருக்குச் சொன்னபடி வந்தது. மீதிப் பேரிடம், இல்லாமல் போய்விட்டது என்று கைவிரித்தார். அதன் பிறகு மிட்டாய்ச் சோதனை. வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் மூன்று நிமிடம். பொறுமை என்று நாம் அளப்பது, கொடுத்த வாக்கை உலகம் எந்த அளவுக்குக் காப்பாற்றியது என்பதையும் சேர்த்துத்தான்.

இந்த இடத்தில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்குகளை நினைத்துப் பார்க்க வேண்டும். பேராசிரியர் மு. அனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரையை ஒட்டி 2006இல் தமிழ்நாடு நுழைவுத் தேர்வை ஒழித்துச் சட்டம் இயற்றியது. பிளஸ் டூ மதிப்பெண்தான் வாசல் என்று பத்தாண்டுகள் பிள்ளைகளிடம் சொன்னோம். 2017இல் பிளஸ் டூ எழுதியவர்கள் அதை நம்பிப் படித்தவர்கள். நீட்டிலிருந்து அந்த ஒரு வருடத்துக்காவது விலக்கு கிடைக்கும் என்று கோடை முழுவதும் நம்பிக்கை ஊட்டப்பட்டது. ஆகஸ்டு கடைசியில் உச்ச நீதிமன்றத்தில் அது கைவிட்டுப்போனது. 1200க்கு 1176 எடுத்த அரியலூர் மாவட்டத்து அனிதா அந்த வழக்கில் தன்னையும் இணைத்துக்கொண்டவர். செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். விடாமுயற்சிக்கு 1176 என்பதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? அவர் ஏறி முடித்தபின் ஏணியை வேறு சுவருக்கு மாற்றினார்கள்.

அடுத்த வருடம் இன்னொன்று. 2018 நீட் தேர்வைத் தமிழில் எழுதியவர்கள் இருபதாயிரத்துக்கும் மேல். அவர்களின் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழைகள் இருந்தன. கேள்விக்கு நான்கு மதிப்பெண் வீதம் 196 மதிப்பெண் வழங்கும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஜூலையில் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. பின்னர் தீர்ப்பையே ரத்து செய்தது. கேள்வியே தவறாக இருக்கும்போது எவ்வளவு மன உறுதி இருந்தால் சரியான விடை வரும்? நீட்டுக்கு முன் மருத்துவக் கல்லூரிகளில் ஏறக்குறைய பதினைந்து விழுக்காடாக இருந்த தமிழ்வழி மாணவர்கள், அதன் பின்வந்த ஆண்டுகளில் நான்கு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை என்று ராஜன் குழு பதிவு செய்திருக்கிறது.

வறுமை மனத்தை என்ன செய்கிறது என்பதற்கும் தமிழ் மண்ணிலிருந்தே சான்று உண்டு. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் செய்த ஆய்வு 2013இல் வெளியானது. கரும்புக்காரர்களுக்குப் பணம் வெட்டுக்குப் பிறகுதான் மொத்தமாக வரும். வெட்டுக்கு முந்தைய மாதங்களில் அடகும் கைமாற்றுமாக ஓடும். ஒரே விவசாயியை வெட்டுக்கு முன்னும் பின்னும் அறிவுத்திறன் சோதனைகளுக்கு உட்படுத்தினார்கள். பணமுடையில் இருந்தபோது தெளிவாகக் குறைவான மதிப்பெண். கையில் பணம் வந்ததும் அதே மனிதரின் மூளை மேலும் நன்றாக வேலை செய்தது. அது விவசாயிகளைப் பற்றிய ஆய்வுதான், மாணவர்களைப் பற்றியதன்று. ஆனாலும் தேர்வறையில் உட்கார்ந்துகொண்டு, வட்டிக்கு வாங்கிய கட்டணத்தை அப்பா எப்படி அடைப்பார் என்று கணக்குப் போடும் பிள்ளையின் மனத்தில் எவ்வளவு இடம் இயற்பியலுக்கு மிச்சமிருக்கும் என்பதை இதைக் கொண்டு ஊகிக்கலாம்.

அப்படியானால் தனிமனித முயற்சிக்கு இடமே இல்லையா என்ற கேள்வியை நான் ஒதுக்கவில்லை. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பலர் அழுத்திச் சொல்வதும் அதுதான்: ‘எல்லாம் அமைப்பின் குற்றம்’ என்று பிள்ளையிடம் சொன்னால் அவன் புத்தகத்தை மூடிவைத்துவிடுவான். நியாயமான அச்சம். ஒரே வகுப்பில் ஒரே வறுமையில் இருக்கும் இரண்டு பேரில் ஒருவர் முன்னே போவதற்கு உழைப்பு காரணமாகிறது. வகுப்பறையில் பிள்ளையிடம் பேசும்போது உழைப்பைப் பற்றிப் பேசுவதே முறை. ஆனால் அதே பேச்சை எடுத்துக்கொண்டு சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் பேசினால், ஆசிரியரின் அக்கறை அரசின் சாக்காக மாறிவிடுகிறது.

அளவுக்கு மீறிய உழைப்புக்கு உடலும் விலை கொடுக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலக் கிராமப்புறக் கறுப்பின இளைஞர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த ஜீன் பிராடி, கிரிகரி மில்லர் குழுவினர் 2015இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஏழைக் குடும்பங்களிலிருந்து வந்து, சுயகட்டுப்பாட்டால் முன்னேறியவர்களின் மனநிலையும் நடத்தையும் சிறப்பாக இருந்தன. அவர்களின் செல்களோ வயதை மீறி முதுமையைக் காட்டின. வசதியான வீட்டு இளைஞர்களிடம் அந்த முரண் இல்லை. ஏழைப் பிள்ளை மேலே வந்துவிட்டான் என்று நாம் கைதட்டும்போது, அவன் எதைச் செலவழித்து வந்தான் என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை.

பழைய முறையைப் பொற்காலமாக்குவதும் பிழை. பிளஸ் டூ மதிப்பெண் காலத்திலும் அரசுப் பள்ளிகளிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போனவர்கள் மிகச் சிலரே. பதினோராம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்த தங்கிப்படிக்கும் தனியார் பள்ளிகள் அந்தக் காலத்தில்தான் செழித்தன. பணம் அப்போது பள்ளிக்குள்ளேயே வேலை செய்தது. நீட் வந்தபின் பள்ளிக்கு வெளியே போய்க் கூடுதலாக ஒரு வருடத்தையும் கேட்கிறது. முதல் தலைமுறையாகப் பட்டப்படிப்புக்கு வருகிறவர்களின் பங்கு மருத்துவ மாணவர் சேர்க்கையில் 24.61 விழுக்காட்டிலிருந்து 14.46 ஆகச் சரிந்தது அந்தக் கூடுதல் கேட்பின் விளைவு.

ஏழரை விழுக்காடும் முழுத் தீர்வாகாது. 2020இல் முதல் கலந்தாய்வில் தனியார் கல்லூரி இடம் கிடைத்த சிலர் கட்டணத்தை நினைத்துப் பின்வாங்கினார்கள். அதன் பிறகே கட்டணத்தை அரசு ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது. நாற்காலி போட்டால் போதாது, அதுவரை வந்துசேர வண்டிச் சத்தமும் தர வேண்டும் என்பதை அரசு அந்த வாரத்தில் கற்றுக்கொண்டது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டப் படிப்புகளுக்கும் இந்த ஒதுக்கீடு விரிந்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் மருத்துவ ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் அரசு உதவிபெறும் பள்ளிகளில் படிக்கும் ஏழைப் பிள்ளைகள் இன்றும் இதற்கு வெளியே நிற்கிறார்கள். நீட்டிலிருந்து விலக்குக் கோரும் மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். ஆகவே இந்தத் தேர்வு இருக்கும் என்று கொண்டுதான் இப்போதைக்குத் திட்டமிட வேண்டும்.

முதலில் செய்யக்கூடியது செலவு அதிகமில்லாதது. ராஜன் குழு ஒரு முறை திரட்டிய கணக்கை ஒவ்வோர் ஆண்டும் சேர்க்கைப் பட்டியலோடு சேர்த்து அரசு வெளியிட வேண்டும்: எத்தனை பேர் ரிப்பீட்டர்கள், எத்தனை பேர் தமிழ்வழி, எத்தனை பேர் முதல் தலைமுறை, எத்தனை பேர் பயிற்சிக்குப் பணம் கட்டினார்கள். அடுத்தது, தகுதி மதிப்பெண்ணை நெருங்கி வந்து இடம் தவறிய அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இரண்டாவது வருடத்தை அரசே கொடுக்க வேண்டும். தங்குமிடம், பயிற்சி, வீட்டுக்கு ஒரு சிறு மாதத் தொகை மூன்றும் சேர்த்து. கல்லூரியில் சேர்ந்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கும் மாநிலத்துக்கு இது புதிய சிந்தனை அன்று. அதே உதவியைக் கல்லூரி வாசலுக்கு ஒரு வருடம் முன்னால் நகர்த்துவதுதான். வசதியான வீட்டுப் பிள்ளைக்குப் பெற்றோர் கொடுக்கும் இன்னொரு வருடத்தை இந்தப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கட்டும். அதற்குப் பிறகு யாருடைய விடாமுயற்சி பெரியது என்று ஒப்பிட்டுப் பேசுவோம்.